அஞ்சு வருஷக் கணக்கு

முதல்ல அந்தப் பதக்கத்தைக் கொஞ்சம் பக்கத்துல வெச்சுப் பாத்துடலாம். வெள்ளியில ஒரு வட்டம், அதுக்குப் பின்னால ஒரு நங்கூரம், நடுவுல ஒரு தளபதியோட முகம். வெளிர்நீல ரிப்பன். சட்டுன்னு கண்ணுல படறது ரிப்பன் மேல தொங்குற ஒரு சின்னச் சங்கிலி. கப்பல்ல நங்கூரத்தைக் கட்டுற சங்கிலியைச் சின்னதாக்கி ஒட்டினா எப்படி இருக்குமோ அப்படி. இதுக்குப் பேரு உஷாகோவ் பதக்கம். பதினெட்டாம் நூற்றாண்டு ரஷ்யக் கடற்படைத் தளபதி ஃபியோதர் உஷாகோவ் பேர்ல, போர் நடந்துக்கிட்டு இருந்தப்பவே, 1944 மார்ச் மாசம் சோவியத் அரசு உருவாக்கினது. (கடல்ல தோல்வியே பாக்காத ஆளுன்னு அவருக்குப் பேரு. 2001-ல ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபை அவரைப் புனிதராவே அறிவிச்சிடுச்சு.) அதிகாரிகளுக்கு 'உஷாகோவ் ஆர்டர்'னு தனியா ஒண்ணு இருக்கு. இந்தப் பதக்கம் கீழ்மட்ட மாலுமிங்களுக்கு. டெக்குல காவல் நின்னவன், என்ஜின் ரூம்ல வெந்தவன், பீரங்கிக்குக் குண்டு எடுத்துக் குடுத்தவன், இவங்களுக்காக.

இந்தப் பதக்கத்தை இரண்டாம் உலகப் போர்ல ஆர்க்டிக் கடல் வழியா ரஷ்யாவுக்குக் கான்வாய்ல (அதாவது போர்க்கப்பல் காவலோட கூட்டமா) சரக்கு கொண்டுபோன பிரிட்டிஷ் மாலுமிங்களுக்குக் குடுக்கணும்னு 2012-ல ரஷ்ய அரசு கேட்டுது. அந்த மாலுமிங்களுக்கு அப்ப தொண்ணூறு வயசை ஒட்டி. பிரிட்டிஷ் வெளியுறவு அலுவலகம் முடியாதுன்னுடுச்சு. சொன்ன காரணம் ரெண்டு. வெளிநாட்டுப் பதக்கம் வாங்கணும்னா அதுக்கான சேவை கடைசி அஞ்சு வருஷத்துக்குள்ள நடந்திருக்கணும். அதே சேவைக்கு பிரிட்டன் ஏற்கெனவே ஒரு பதக்கம் குடுத்திருந்தா இன்னொண்ணு வாங்கக் கூடாது. அதே சமயம் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியாவுல இருந்த பழைய மாலுமிங்க இதே பதக்கத்தை வாங்கிக் குத்திக்கிட்டாங்க. அதே கடல், அதே குளிர், அதே கான்வாய்!

அந்த அஞ்சு வருஷக் கணக்குதான் என்னை உறுத்துது. விதின்னு ஒண்ணு இருக்கட்டும், வேண்டாங்கல. ஆனா இந்த விதி யாரைப் பிடிக்குது, யாரை விடுதுன்னு பாத்தீங்கன்னா, அது நேர்மையான விதியே இல்லன்னு எனக்குத் தோணுது. அதைத்தான் இந்தப் பதிவுல சொல்லப் போறேன்.

அதுக்கு முன்னாடி அந்தப் பயணம் எப்படிப்பட்டதுன்னு பாத்தாகணும். ஜெர்மனி 1941 ஜூன்ல சோவியத் யூனியன் மேல பாஞ்சுது. ஆகஸ்ட் மாசமே பிரிட்டன் முதல் கான்வாயை அனுப்பிடுச்சு. டெர்விஷ்னு பேரு. ஆகஸ்ட் 31-ம் தேதி ஆர்க்காங்கெல்ஸ்க் துறைமுகத்துக்குப் போய்ச் சேந்துது. அதுல இருந்து 1945 மே வரைக்கும் மொத்தம் 78 கான்வாய், ஏறக்குறைய 1,400 சரக்குக் கப்பல், சுமார் 40 லட்சம் டன் சரக்கு. டாங்கி, விமானம், லாரி, அலுமினியம், பூட்ஸு, டின்ல அடைச்ச கறி, எல்லாம். போர்க்காலத்துல சோவியத்துக்குக் கடல் கடந்து போன உதவியில நாலுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவா இந்த வழியில போச்சு. ஆனா அடி விழுந்தது இந்த வழியிலதான் ஜாஸ்தி. 85 சரக்குக் கப்பல், 16 பிரிட்டிஷ் போர்க்கப்பல் மூழ்கிடுச்சு. செத்தவங்க சுமார் மூவாயிரம் பேர்.

ஒரு பக்கம் வட துருவத்துப் பனிக்கட்டி, இன்னொரு பக்கம் ஜெர்மனி பிடிச்சு வெச்சிருந்த நார்வே. நடுவுல இருக்குற கடல் சந்துலதான் கப்பல் போகணும். குளிர்காலத்துல பனி தெக்கே இறங்கி வரும், சந்து இன்னும் குறுகும், நார்வே கரையில இருக்குற விமானத் தளங்களுக்குப் பக்கத்துலயே போயாகணும். ஆனா ராத்திரி விடியவே விடியாது, இருட்டு காப்பாத்தும். கோடையில பனி விலகும், வழி கிடைக்கும். ஆனா சூரியன் மறையாது, இருபத்தி நாலு மணி நேரமும் எதிரி கண்ணுல படலாம். எந்த மாசம் போனாலும் ஏதோ ஒண்ணு கொல்லக் காத்துக்கிட்டு இருக்கும்.

அந்த ஐஸைப் பத்தித் தனியா சொல்லணும். அலை தெறிச்சு டெக்குல விழற தண்ணி அப்படியே உறைஞ்சிடும். கம்பி, பாய்மரத் தூண், பீரங்கி, ஏணி எல்லாத்துலயும் ஒட்டி ஒட்டித் தடிச்சுக்கிட்டே போகும். இது அழகுப் பிரச்சனை இல்ல, உயிர்ப் பிரச்சனை. கப்பலோட மேல்பாகம் கனமாயிடுச்சுன்னா ஒரு பெரிய அலைக்கு அப்படியே கவுந்துடும். அதனால கோடாலி, சுத்தியல், நீராவிக் குழாய்னு கையில கிடைச்சதை வெச்சு மாலுமிங்க மாத்தி மாத்தி நின்னு ஐஸை உடைச்சுக்கிட்டே இருக்கணும். உடைச்ச இடத்துல மறுபடி கட்டும். வெறுங்கையால இரும்பைத் தொட்டா தோல் ஒட்டிக்கும். தண்ணியில விழுந்தவனைச் சில நிமிஷத்துல தூக்கலைன்னா அவ்வளவுதான். டார்பிடோ வரலைன்னாலும், ஒரு குண்டு விழலைன்னாலும், இந்த வேலை தினமும் உண்டு. இதுல எங்க வீரம், எங்க வழக்கமான டூட்டின்னு யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது.

PQ 17-ன்னு எழுதினா சில பேருக்குத் தெரிஞ்சிருக்கும் (தமிழ்ல பி.க்யூ. 17-ன்னே வெச்சுக்கலாம்). 1942 ஜூன் கடைசியில ஐஸ்லாந்துல இருந்து கிளம்பின கான்வாய். ஜூலை 4-ம் தேதி ராத்திரி லண்டன்ல இருந்து கடற்படைத் தலைமை ஒரு உத்தரவு அனுப்புது: கான்வாய் கலைஞ்சு தனித்தனியா போகட்டும்னு. டிர்பிட்ஸ்ங்கிற பெரிய ஜெர்மன் போர்க்கப்பல் தாக்க வருதுன்னு பயம். அது அப்ப நார்வே கரையை விட்டே கிளம்பல. காவல் போர்க்கப்பல்கள் மேற்கே திரும்பிப் போயிடுச்சு. சரக்குக் கப்பல்கள் ஒண்ணொண்ணா நீர்மூழ்கிக்கும் விமானத்துக்கும் இரையாச்சு. மொத்தம் 24 சரக்குக் கப்பல் போச்சு. அதோட சேத்து 430 டாங்கி, 210 விமானம், மூவாயிரத்துக்கும் மேல வண்டி.

அந்த ராத்திரி ஏர்ஷயர்னு ஒரு சின்னக் கப்பல் என்ன பண்ணுச்சு தெரியுமா? அது ஒரு மீன்பிடிப் படகு மாதிரி. போருக்காகத் துப்பாக்கி வெச்சுக் காவலுக்கு மாத்தினது. கேப்டன் லியோ கிராட்வெல், அடிப்படையில ஒரு வக்கீல். அவர் மூணு சரக்குக் கப்பலைக் கூட்டிக்கிட்டு, எல்லாரும் ஓடுற பக்கம் ஓடாம, நேரா வடக்கே பனிக்கட்டிக்குள்ளயே புகுந்துட்டாரு. என்ஜினை நிறுத்திட்டு, கப்பல்ல இருந்த வெள்ளை பெயின்ட்டை எல்லாம் எடுத்து வானத்துக்குத் தெரியுற பக்கமா அடிச்சாங்க. பத்தாத இடத்துல படுக்கை விரிப்பு. டெக்குல சரக்கா ஏத்தியிருந்த டாங்கிகளோட பீரங்கியில குண்டு போட்டுத் தயாரா வெச்சுக்கிட்டாங்க. பனிக்குள்ள பனியா நின்னாங்க. விமானங்க கவனிக்கல. மூணு சரக்குக் கப்பலும் பத்திரமா ஆர்க்காங்கெல்ஸ்க் போய்ச் சேந்துது.

இதை இங்க சொல்றதுக்குக் காரணம் உண்டு. 'இந்தச் சேவைக்கு மதிப்புப் போடுற உரிமை எங்களுக்கு மட்டும்தான்'னு ஒரு அரசு சொல்லும்போது, அந்தச் சேவைக்குள்ள அந்த அரசோட தப்பான உத்தரவும் கலந்திருக்குங்கிறதை மறக்கக் கூடாது. மேல இருந்து வந்த உத்தரவு கான்வாயை அழிச்சுது. கீழ இருந்தவங்க பெயின்ட் டப்பாவை வெச்சு மூணு கப்பலைக் காப்பாத்தினாங்க. அந்தச் சரக்கு யாருக்குப் போச்சோ அவங்களுக்கு இதைப் பத்திப் பேச வாய் இருக்கா இல்லையா? எனக்கு இருக்குன்னுதான் படுது. பதக்கம்ங்கிறது எசமான் போடுற மார்க் மட்டும் இல்ல, உதவி வாங்கினவன் சொல்ற நன்றியும் கூட.

சரி, எதிர்த்தரப்புக்கு வருவோம். அவங்க வாதம் ஒண்ணும் லேசானது இல்ல.

ஒரு நாட்டோட படைவீரன் இன்னொரு நாட்டு அரசன் கையால பரிசு வாங்குறது ஆதிகாலத்துல இருந்தே சந்தேகத்துக்குரிய விஷயம். முதலாம் எலிசபெத் ராணி சொன்னதா ஒரு பேச்சு வழிவழியா வருது: என் நாய்ங்க கழுத்துல என் பட்டையைத் தவிர வேற பட்டை இருக்கக் கூடாதுன்னு. அமெரிக்க அரசியல் சட்டமே, பதவியில இருக்குறவங்க காங்கிரஸ் சம்மதம் இல்லாம வெளிநாட்டு அரசர்கிட்ட இருந்து பரிசோ பட்டமோ வாங்கக் கூடாதுன்னு சொல்லுது. விசுவாசம் விலை போயிடக் கூடாதுங்கிற பயம், நியாயமான பயம். ஆனா அந்த பயம் யாரைப் பத்தி? இன்னிக்கு உத்தரவு போடுற இடத்துல இருக்குறவனைப் பத்தி. நாளைக்கு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடப் போறவனைப் பத்தி. தொண்ணூறு வயசுல, எழுபது வருஷத்துக்கு முன்னாடி ஐஸ் உடைச்ச ஒரு ஆளோட விசுவாசத்தை ஒரு வெள்ளி வட்டத்தால யாரு விலைக்கு வாங்க முடியும்? காரணம் இல்லாத இடத்துலயும் விதியை அப்படியே அமல்படுத்தினா, அது திருட எதுவுமே இல்லாத வீட்டுக்குப் பூட்டு போட்டு, உள்ள இருக்குற கெழவரை வெளிய வர விடாம பண்ற மாதிரி.

இன்னும் பாருங்க, போர் நடந்தப்ப இதே பிரிட்டன் இந்த விஷயத்துல தாராளமாத்தான் இருந்துது. ஷார்ன்ஹோர்ஸ்ட்ங்கிற ஜெர்மன் போர்க்கப்பலை 1943 டிசம்பர் 26-ம் தேதி மூழ்கடிச்ச அட்மிரல் புரூஸ் ஃப்ரேசருக்கு சோவியத் அரசு சுவோரோவ் ஆர்டர் முதல் வகுப்பு குடுத்துது. அட்மிரல் பெர்ட்ராம் ராம்சேவுக்கு உஷாகோவ் ஆர்டர் முதல் வகுப்பு. நம்ம பக்கமும் ஒரு உதாரணம் இருக்கு. சோவியத்துக்கு உதவி போன இன்னொரு வழி பாரசீகப் பாதை, அதாவது ஈரான் வழி. அங்க பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தோட சப்ளைப் பிரிவுல வேலை பாத்த தமிழ்நாட்டைச் சேந்த சுபேதார் நாராயண் ராவ் நிக்கமுக்கு 1944-ல சோவியத்தோட செந்நட்சத்திர விருது கிடைச்சுது. யாரோட விசுவாசமும் குலைஞ்சு போகல.

இங்கதான் அந்த அஞ்சு வருஷ விதியோட உண்மையான குணம் தெரியுது. ஒரு அரசு நன்றி சொல்லணும்னா முதல்ல யார் பேரு அதுக்குத் தெரியும்? அட்மிரல் பேரு தெரியும். அவருக்குப் பதக்கம் அந்த வருஷமே வந்துடும், விதிக்குள்ள அழகா உக்காந்துக்கும். கப்பல்ல கரி அள்ளினவன் பேரு தெரிய பல வருஷமாகும். அவன் பேரு பட்டியல்ல ஏறணும், யாராவது கேக்கணும், ரெண்டு நாட்டு உறவு நல்லா இருக்கணும். 1945-ல போர் முடிஞ்சுது, அஞ்சு வருஷம்னா 1950. அதுக்குள்ள பெர்லின் முற்றுகையே நடந்து முடிஞ்சிடுச்சு, பனிப்போர் முத்திப் போச்சு. அந்த அஞ்சு வருஷத்துல ஸ்டாலின் அரசாங்கம் ஆயிரக்கணக்கான பிரிட்டிஷ் மாலுமிங்களைத் தேடிப் பிடிச்சு நன்றி சொல்லியிருக்கணும், லண்டனும் அதைச் சிரிச்சுக்கிட்டே ஒத்துக்கிட்டு இருக்கணும். நடக்குற காரியமா? அரசுகள் சண்டை போட்டதால ஓடின காலத்தை மாலுமி கணக்குல எழுதுறது எந்த ஊரு நியாயம்? மேலோட்டமா பாத்தா எல்லாருக்கும் ஒரே அஞ்சு வருஷம். நடைமுறையில அது பெரிய பேருக்குக் கதவு, சின்ன பேருக்குச் சுவரு.

ரெண்டாவது காரணம், ஒரே சேவைக்கு ரெண்டு பதக்கம் கூடாதுங்கறது. கொள்கையளவுல எனக்கும் சம்மதம்தான். ஆனா பிரிட்டன் இந்தச் சேவைக்கு அதுவரைக்கும் என்ன குடுத்திருந்துது? அட்லான்டிக் ஸ்டார். பேருலயே வேற கடல்! அதை வாங்க மாசக்கணக்குல கடல்சேவை காட்டணும். ஆர்க்டிக்குக்குத் தனிப் பதக்கம் வேணும்னு மாலுமிங்க எத்தனையோ வருஷம் கேட்டதுக்கு, 2006 வாக்குல சட்டையில குத்திக்கிற ஒரு சின்ன பேட்ஜ் கிடைச்சுது. ஆர்க்டிக் ஸ்டார்னு உண்மையான பதக்கம் அறிவிச்சது 2012 டிசம்பர்ல, கையில குடுத்தது 2013 மார்ச்சுல. அதோட தகுதி என்ன தெரியுமா? ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே போர்க்காலத்துல சேவை பண்ணியிருக்கணும். எவ்வளவு நாள்னு கேள்வியே இல்ல, ஒரு நாள் போதும். அதாவது அந்தக் கடலுக்குன்னு ஒரு தனிக் கணக்கு உண்டு, அட்லான்டிக் கணக்குல அது அடங்காதுன்னு பிரிட்டிஷ் அரசே தன் வாயால ஒத்துக்கிச்சு. அப்படி ஒத்துக்கிட்ட பிறகு, 'உங்களுக்குத்தான் ஏற்கெனவே குடுத்துட்டோமே'ங்கற பேச்சு நிக்காது.

முன்மாதிரி இல்லன்னும் சொல்ல முடியாது. வெற்றியோட நாப்பதாவது ஆண்டு நினைவா 1985-ல சோவியத் அரசு ஒரு பதக்கம் வெளியிட்டுது. கான்வாய் மாலுமிங்களுக்கும் குடுத்துது. அதை அணிஞ்சுக்கலாம்னு 1994-ல ரெண்டாம் எலிசபெத் ராணி அனுமதி குடுத்தாங்க. நாப்பது வருஷத்துக்கு முந்தின சேவைக்கு! அஞ்சு வருஷ விதி அப்ப எங்க போச்சு? 'அது வெறும் நினைவுப் பதக்கம், இது வீரப் பதக்கம், ரெண்டும் ஒண்ணா?'ன்னு கேக்கலாம். கேள்வி சரிதான், வித்தியாசம் இருக்கு. ஆனா விதியில 'சேவை நடந்து அஞ்சு வருஷம்'னுதான் இருக்கே தவிர, நினைவுப் பதக்கத்துக்கு ஒரு கடிகாரம் வீரப் பதக்கத்துக்கு ஒரு கடிகாரம்னு இல்ல. மனசு வெச்சா விலக்கு குடுக்க முடியும்னு 1994-லயே காட்டியாச்சு. அதுக்கப்புறம் 2012-ல 'எங்க கையில ஒண்ணும் இல்ல, விதி இப்படி'ன்னு சொன்னதை ஏத்துக்க முடியல. மலேசியாவுல முன்னாடி சேவை பண்ணின பிரிட்டிஷ் வீரங்களுக்கு அந்த நாடு குடுத்த பதக்கத்துக்கு 2006-ல இதைவிட விசித்திரமா ஒரு முடிவு எடுத்தாங்க: வாங்கிக்கலாம், ஆனா அணியக் கூடாது. வாங்கிப் பொட்டியில வெச்சுக்கணும்! பின்னாடி அதையும் தளர்த்த வேண்டி வந்துது.

எல்லாத்தையும் விட கனமான எதிர்வாதம் ஒண்ணு இருக்கு. உஷாகோவ் பதக்கம் தனி ஆளோட துணிச்சலுக்குக் குடுக்குறது. சோவியத் மாலுமி ஒருத்தன் அதை வாங்க ஏதாவது ஒரு காரியம் செஞ்சு காட்டியிருக்கணும். இப்ப பயணம் போன எல்லாருக்கும் குடுத்தா அந்தப் பழைய சோவியத் மாலுமியோட பதக்கம் மலிஞ்சு போகாதா? மலியலாம். இதை நான் மறுக்க மாட்டேன். ஆனா அது குடுக்குறவங்க கவலைப்பட வேண்டிய விஷயம். தன் பதக்கத்தோட மதிப்பு என்னன்னு மாஸ்கோ முடிவு பண்ணிக்கட்டும், லண்டன் ஏன் அதுக்காகக் கவலைப்படணும்? லண்டன் சொன்ன காரணத்துல இது இல்லவும் இல்ல.

'ரஷ்ய அரசு இதை அரசியலுக்குப் பயன்படுத்திக்குது'ங்கறது இன்னொண்ணு. உண்மைதான். 2013 ஜூன் 16-ம் தேதி, ஜி-8 மாநாட்டுக்கு முந்தின நாள், டௌனிங் தெருவுல புதின் தன் கையால சில மாலுமிங்களுக்கு இந்தப் பதக்கத்தைக் குடுத்தாரு, கேமராக்கள் முன்னாடி. அடுத்த வருஷமே ரஷ்யா கிரிமியாவைப் பிடிச்சுக்கிட்டுது. 2022-ல உக்ரைன் மேல படையெடுத்ததுக்குப் பிறகு அந்தப் படங்களைப் பாக்கவே ஒரு மாதிரி இருக்கும். ஆனா ரெண்டு விஷயம். ஒண்ணு, பிரசாரத்துக்கு நல்ல தீனி போட்டது அந்த மறுப்புதான். 'நாங்க நன்றி சொல்ல வர்றோம், அவங்க சொந்த நாடே தடுக்குது'ன்னு பேச வாய்ப்பைக் குடுத்தது யாரு? இன்னொண்ணு, அந்த டாங்கியும் பூட்ஸும் புதினுக்குப் போகல. 1941-ல நாஜிப் படை நெருக்கிக்கிட்டு இருந்த ஒரு நாட்டு மக்களுக்குப் போச்சு. ரஷ்யர், உக்ரேனியர், பெலாரஸ்காரர், கசாக்கியர், எல்லாரும் அதுல உண்டு. பின்னால எழுபது வருஷம் கழிச்சு யாரு ஆட்சிக்கு வருவாங்கன்னு பாத்துத்தான் மூழ்குற ஆளுக்குக் கை குடுக்கணும்னா எந்தக் கையும் நீளாது.

கடைசியில பிரிட்டன் 2013-ல இறங்கி வந்துது. விதியை மாத்தல, இந்தப் பதக்கத்துக்கு மட்டும் விலக்குன்னு சொல்லி வாங்கவும் அணியவும் அனுமதி குடுத்துது. அதுக்கப்புறம் பல ஊர்லயும் விழா நடத்தி மாலுமிங்களுக்குக் குடுத்தாங்க. உலகம் இடிஞ்சு விழல, ராணுவ ஒழுங்கு கெட்டுப் போகல. விலக்கு குடுத்தது நல்லதுதான். ஆனா அது போதாதுன்னு நினைக்கிறேன். விலக்குன்னா அடுத்த நாட்டு நன்றி வரும்போது மறுபடி முதல்ல இருந்து கெஞ்சணும். விதியிலயே ஒரு வரி சேக்கலாமே: சேவையில இருந்து விலகினவங்களுக்கு அஞ்சு வருஷக் கெடு கிடையாதுன்னு. பதவியில இருக்குறவங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு அப்படியே இருந்துட்டுப் போகட்டும். முதலாம் எலிசபெத் ராணியோட கவலையும் தீரும், தொண்ணூறு வயசு மாலுமிக்கும் கடுதாசி போட்டு மறுக்க வேண்டியது இருக்காது.

எடி கிரென்ஃபெல்னு ஒரு கடற்படை அதிகாரி. 1942 மே மாசம் பி.க்யூ. 16 கான்வாய்ல அவர் இருந்த எம்பயர் லாரன்ஸ் கப்பல் குண்டு விழுந்து மூழ்கிச்சு, அந்தத் தண்ணியில விழுந்து பொழைச்சவரு. ஆர்க்டிக் மாலுமிங்களுக்குத் தனிப் பதக்கம் வேணும்னு பதினஞ்சு வருஷத்துக்கும் மேல அரசாங்கத்தோட மல்லுக்கட்டினாரு. 2013 மார்ச்சுல ஆர்க்டிக் ஸ்டார் அவர் மார்புல ஏறுச்சு. அதே வருஷம் ஜூன்ல 93 வயசுல இறந்தாரு. அவர் கையில அந்த நட்சத்திரம் இருந்தது மூணு மாசம்.